வலது குழாய்

பட்டறையில் எல்லோரும் அவளைப் பொறியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். வெல்டிங்கில் பொறி பறப்பதால் வந்த பேர் என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவள் செய்யும் ஆர்கான் வெல்டிங்கில் பொறியே பறக்காது. நீல வெளிச்சம் ஒன்று சத்தமில்லாமல் நின்று எரியும், அவ்வளவுதான். சேர்ந்த முதல் வாரம், "வெல்டர் எங்கம்மா, டீ குடிக்கப் போயிருக்காரா?" என்று அவளிடமே கேட்ட ஒரு வாடிக்கையாளருக்கு அவள் கொடுத்த பதிலைக் கேட்டு மற்றவர்கள் வைத்த பேர் அது.

அதற்கு முன்னால் பதினோரு வருஷம் பால் டாங்கி செய்யும் தொழிற்சாலையில் இருந்தாள். எவர்சில்வர் தகட்டை வெல்டு அடிக்கும்போது வெளிப்பக்கத்தை யார் வேண்டுமானாலும் அழகாக முடித்துவிடலாம். சூட்டில் இருக்கும் உள்பக்கத்தில் காற்றுப் பட்டால் அது சீனி கருகின மாதிரி கறுத்துப் பொருபொருவென்று ஆகிவிடும். அந்த சொரசொரப்பில் பால் தங்கிப் புளிக்கும். அதனால் குழாயின் இரண்டு பக்கமும் தக்கை வைத்து அடைத்து, உள்ளே ஆர்கான் வாயுவை நிரப்பிவிட்டுத்தான் வெல்டு அடிக்க வேண்டும். அவள் அடித்த குழாய்க்குள் விரலை விட்டால் கண்ணாடிக் குவளைக்குள் விட்ட மாதிரி இருக்கும்.

தொழிற்சாலைக்கு இயந்திரக் கைகள் வந்தன. நாற்பது பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன்பிறகு ஏழு மாதம் அவள் ஏறி இறங்காத பட்டறை இல்லை. "உங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா, பேசிக்கலாம்" என்றார் ஒருவர். "அவருக்கு ஸ்கூல் வேன் ஓட்டத்தாங்க தெரியும். அவரை உக்கார வச்சு வெல்டு அடிக்கச் சொன்னீங்கன்னா உங்க கூரைதான் எரியும்" என்றாள் அவள். வேலை கிடைக்கவில்லை.

கடைசியில் கார்களுக்குப் புகைக்குழாய் செய்துதரும் இந்தப் பட்டறையின் முதலாளி அவளைச் சேர்த்துக்கொண்டார். அவள் அடித்துக் காட்டிய ஒரு சாண் குழாயை நெடுக்காக அறுத்து, உள்ளே விரலை ஓட்டிப் பார்த்தார்.

"உன் கை எனக்கு வேணும். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். உன்னைச் சேக்கறதுக்கே நாலு பேர் என்னைப் பார்த்துச் சிரிப்பான். நீ செஞ்ச வண்டி ஒண்ணே ஒண்ணு கோளாறுன்னு திரும்பி வந்துச்சுன்னா, அப்புறம் என்னால உன்னை வச்சுக்க முடியாது. ஆம்பளை தப்பு பண்ணினா தப்புன்னு சொல்லுவான். நீ பண்ணினா, அப்பவே சொன்னோமேன்னு சொல்லுவான்."

"சரிங்க முதலாளி."

மூன்று வருஷம் ஆயிற்று. ஒரு வண்டியும் திரும்பி வரவில்லை.

பல் டாக்டரின் வண்டி வந்தது ஒரு திங்கட்கிழமை. சாம்பல் நிறம், இரண்டே கதவு, தரையோடு தரையாகப் படுத்திருக்கும் ஸ்போர்ட்ஸ் கார். எட்டு சிலிண்டர் இன்ஜின், அதன் தலைமேல் சூப்பர்சார்ஜர். மற்ற இன்ஜின்கள் காற்றைத் தானாக இழுத்துக்கொள்ளும். சூப்பர்சார்ஜர் இருந்தால் அது பெல்ட்டில் சுழன்று காற்றை வலுக்கட்டாயமாக உள்ளே திணிக்கும். திணித்ததெல்லாம் எரிந்து வெளியேற வேண்டும். கம்பெனிக்காரன் போட்ட புகைக்குழாய் ஒல்லியாக, நெளிந்து நெளிந்து போயிற்று. அதைக் கழற்றிவிட்டு மூன்றங்குலக் குழாயில் புதிதாகச் செய்ய வேண்டும் என்பது டாக்டரின் ஆசை.

டாக்டர் குள்ளமான மனிதர். அவர் பேசுவதைக் கேட்கப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும்.

"வண்டி சத்தம் கொஞ்சம் நல்லா கேக்கணும்" என்றார், ஏதோ கடன் கேட்பவர் போல.

"எவ்வளவு கேக்கணும் டாக்டர்?" என்றார் முதலாளி.

"என் கிளினிக்ல எல்லாரும் வாயைத் திறந்துதான் வச்சிருக்காங்க. ஆனா ஒருத்தரும் பேச மாட்டாங்க. வீட்டுக்குப் போனா எல்லாரும் பேசறாங்க, நான் வாயைத் திறக்க முடியாது. இது ஒண்ணாவது எனக்குப் பதிலா கத்தட்டும்."

கூட வந்திருந்த அவர் மகளுக்குப் பதினாலு வயசு இருக்கும். "அப்பா, நீங்க கத்தினா எப்படி இருக்கும்னு எனக்கே தெரியாதுப்பா" என்று சிரித்தாள். பொறியம்மாவுக்கு அந்தப் பெண்ணைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. மற்றவர்கள் வண்டியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் தரையில் உட்கார்ந்து அடியில் குனிந்து பார்த்தாள்.

வண்டிக்கு இரண்டு குழாய், இடது ஒன்று, வலது ஒன்று. நடுவில் ஒரு குறுக்குக் குழாய் இரண்டையும் இணைத்தது. வலது குழாயில் மட்டும் ஒரு கதவு வைத்தார்கள். ஊருக்குள் மெதுவாகப் போகும்போது அந்தக் கதவு மூடிக்கொள்ளும், புகை முழுவதும் இடது வழியாகச் சாதுவாகப் போய்விடும். காலை அழுத்தினால் கதவு திறந்து இரண்டு குழாயும் சேர்ந்து கர்ஜிக்கும். பொறியம்மா ஐந்து நாள் அதன் அடியிலேயே கிடந்தாள். வளைவுகளில் சாதாரண ரப்பர் தக்கை சூட்டில் இளகிவிட்டது. அதனால் உலைக்கதவில் வைக்கும் பஞ்சை வாங்கி வந்து, உருட்டி, அலுமினியத் தாள் சுற்றி, அவளே ஆறு தக்கை செய்தாள். அந்தப் பஞ்சைத் தீயில் போட்டாலும் எரியாது. கெட்டிக்காரத்தனம் என்று முதலாளி மெச்சினார்.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வண்டியை எடுக்க வருவதாக டாக்டர் சொல்லியிருந்தார். பதினோரு மணிக்கே வந்து நின்றார். மறுநாள் காலை பழைய விமான ஓடுபாதையில் வேகப் பிரியர்கள் கூடுகிறார்களாம், வண்டியை நாளைக்கே முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். முழு வேகச் சோதனையைப் பட்டறையில் செய்ய வழியில்லை என்பதால், அங்கேயே வைத்துச் செய்துகொள்ளலாம் என்று முதலாளியும் தலையாட்டினார்.

அப்போது பொறியம்மா வலது குழாயின் கடைசி இணைப்பை முடித்திருந்தாள். அந்த இணைப்புக்கு வைத்த தக்கையை இழுத்தெடுக்கக் கட்டியிருந்த கயிறு வெளியே தொங்கினால் கருகிவிடும் என்று, கயிற்றோடு சேர்த்து உள்ளே தள்ளியிருந்தாள். குழாய் ஆறினதும் பின்பக்கத்திலிருந்து கொக்கிக் கம்பியை விட்டு இழுக்க வேண்டும். கொக்கியைக் கையில் எடுத்தாள்.

"பொறியம்மா! இங்க வந்துட்டுப் போ. டாக்டருக்கு உள்பக்க வெல்டைக் காட்டணும்."

கொக்கியை வைத்துவிட்டுப் போனாள். மாதிரிக்காக அறுத்து வைத்த துண்டை டாக்டர் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "ரூட் கேனால் பண்றப்போ எனக்கு இப்படி வந்தா நான் தூங்கிடுவேன் நிம்மதியா" என்றார். அவளுக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. பத்து நிமிஷம் ஆகியிருக்கும். திரும்பி வந்தபோது, வலது குழாயின் வால்பகுதியும் சைலன்சரும் மாட்டி, போல்ட் முறுக்கி, பளபளவென்று துடைத்தும் இருந்தது.

"அவசரம்னாங்களேன்னு நானே மாட்டிட்டேன்" என்றான் லேப்டாப். இன்ஜினைக் கம்ப்யூட்டரில் சரிசெய்பவன் என்பதால் பட்டறையில் அவனுக்கு அந்தப் பேர், நாற்பது வயசு. பட்டறையில் கை கறுக்காதவன் அவன் ஒருவன்தான். உதவி செய்த பெருமை முகத்தில் வழிந்தது.

வால் மாட்டியாயிற்று என்றால் அதற்கு முந்தின வேலையெல்லாம் முடிந்தாயிற்று என்று கைக்கு ஒரு பழக்கம். கொக்கி ஞாபகமே அவளுக்கு வரவில்லை. வண்டியைக் கிளப்பினார்கள். வழக்கம்போல அவள் இரண்டு வால்களின் முன்னாலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். இடதில் சூடான காற்று தடதடவென்று அடித்தது. வலதில் காற்றே இல்லை. அது சரிதான், கதவு மூடியிருக்கிறது, வராது. கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். டாக்டர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் நாலு மணிக்குத் தக்கைகளைத் துடைத்து வைக்க உட்கார்ந்தாள். ஐந்துதான் இருந்தன.

முதலில் மேசைக்கு அடியில் பார்த்தாள். பிறகு குப்பை டிரம்மைக் கவிழ்த்தாள். எண்ணெய்த் தட்டைத் தூக்கினாள், சிலிண்டர்களை உருட்டினாள், தன் பைக்குள் இருந்த சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறந்து பார்த்தாள். அப்போதுதான் பெஞ்சின்மேல் வைத்தது வைத்தபடி கிடந்த கொக்கிக் கம்பி கண்ணில் பட்டது.

லேப்டாப்புக்குப் போன் செய்தாள். "வலது குழாய்ல வாலை மாட்டும்போது உள்ள ஏதாவது பார்த்தியா?"

"உள்ள என்ன இருக்கும், இருட்டுதான் இருக்கும். ஏன்?"

"சும்மாதான்."

"வலதுல காத்து வரலைன்னு பயப்படறியா? கதவு மூடியிருந்துச்சும்மா. நீயேதானே கையை வச்சுப் பார்த்தே."

"ஆமா. நானேதான் பார்த்தேன்."

போனை வைத்துவிட்டாள். டாக்டரின் நம்பர் முதலாளியிடம்தான் இருந்தது. முதலாளியைக் கேட்டால் எதற்கு என்பார். காரணத்தைச் சொன்னால் அந்த நிமிஷமே வண்டி திரும்பி வந்ததாகிவிடும். முதலாளியின் பேரை இரண்டு தடவை போனில் எடுத்து, இரண்டு தடவையும் அணைத்தாள். எங்காவது உருண்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். பூனை தூக்கிக்கொண்டு போயிருக்கும். பட்டறையில் பூனை கிடையாது.

வீட்டில் இரண்டே அறை. முன்னறையில் அவள் கணவரின் அக்காவின் தையல் மெஷின். அவரும் அவர்களோடுதான் இருந்தார். பொறியம்மா அவரை அண்ணி என்று கூப்பிடுவாள். ராத்திரி முழுக்க அவள் புரண்டு கிடந்ததில் கட்டில் போட்ட சத்தத்துக்கு, காலையில் அண்ணி பழிவாங்கினார்.

"என்ன இன்ஜினியரம்மா, பிளவுசுக்குள்ள குண்டூசியை விட்டுட்டுத் தச்சுக் குடுத்தவ மாதிரி முழிக்கறே?"

பொறியம்மாவின் கையிலிருந்த டம்ளர் சாய்ந்து டீ தரையில் ஓடியது. கணவர் அவளைப் பார்த்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கதவையும் கொக்கியையும் எரியாத பஞ்சையும் அவர்களுக்குப் புரிகிற மாதிரி விளக்கினாள்.

"உள்ள இருந்தா என்ன ஆகும்?" என்றார் கணவர்.

"மெதுவாப் போனா ஒண்ணும் ஆகாது. முழுசா அழுத்தினா, எட்டு சிலிண்டர் புகையும் ஒரே குழாய்ல போகணும். டர்போன்னா புகையோட வேகத்துலதான் சுத்தும், புகை தேங்கினதும் தானா அடங்கிடும். இது பெல்ட்டுல ஓடறது. புகை வெளிய போகலைன்னாலும் இது பாட்டுக்கு உள்ள திணிச்சிட்டே இருக்கும். இடது குழாய் பழுத்துடும்ங்க. அந்தக் குழாய்க்கு மேலதான் பக்கத்து சீட்டு. அந்தப் பொண்ணு உக்காரும்."

"பஞ்சுலயே எரியாத பஞ்சு இதுக்குத்தானா கெடைச்சுது உனக்கு" என்றார் அண்ணி. பிறகு குரலைத் தாழ்த்தி, "நேத்தே ஏண்டி சொல்லலை?" என்றார்.

"வேலை போயிடும் அண்ணி."

கணவர் வேன் சாவியை எடுத்தார்.

முதலாளிக்கு ஏழு தடவை போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. ஓடுபாதையில் வண்டிகளின் இரைச்சலில் அவர் சட்டைப்பையில் அது துடிப்பது யாருக்குக் கேட்கும்? லேப்டாப்பின் போன் அணைந்திருந்தது.

ஊரைத் தாண்டிப் பெரிய சாலை வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் காலை, சாலை வெறிச்சென்று கிடந்தது. கணவர் காலை அழுத்தினார். முள் அறுபதில் போய் நின்றது.

"இன்னும் போங்க."

"போகாதும்மா."

"ஏங்க போகாது? ரோடு காலியாதானே இருக்கு!"

"ஸ்கூல் வேன்ல வேகத்துக்குப் பூட்டு போட்டிருக்காங்க. அறுபதுக்கு மேல நான் எழுந்து நின்னு மிதிச்சாலும் போகாது."

அவர் உண்மையாகவே சீட்டை விட்டு எழும்பி மிதித்துப் பார்த்தார். ஒரு லாரி அவர்களைத் தாண்டிப் போயிற்று. கோழிக் கூண்டுகளை ஏற்றிய ஒரு சின்ன வண்டியும் தாண்டிப் போயிற்று, கோழிகள் அவர்களைத் திரும்பிப் பார்த்தன. வேறொரு நாளாக இருந்தால் அவளுக்குச் சிரிப்பு வந்திருக்கும். முன்கம்பியைப் பிடித்திருந்த கை வெளுத்துப்போயிருந்தது. வாய்விட்டுக் கத்த முடியாமல் அவள் எண்ணத் தொடங்கினாள். நேற்று நாலு மணியிலிருந்து இப்போது வரை எத்தனை மணி நேரம்? பதினாறு. பதினாறு மணி நேரத்தில் டாக்டரின் வீட்டுக்கு நடந்தே போயிருக்கலாம்.

ஓடுபாதையின் வாசலில் காவலாளி கையை நீட்டி நிறுத்தினான். "ஸ்கூல் வேனுக்கு இன்னிக்கு இங்க என்ன வேலை? பசங்களுக்கும் ரேஸ் வைக்கறாங்களா?"

"ஒரு பொண்ணு உள்ள இருக்கு. கூட்டிட்டுப் போக வந்திருக்கோம்" என்றார் கணவர். அந்தக் குரலில் என்ன இருந்ததோ, காவலாளி தடுப்பைத் தூக்கிவிட்டான்.

வண்டிகள் ஒவ்வொன்றாக ஓடிக்கொண்டிருந்தன. சாம்பல் நிற வண்டி வரிசையின் முதலில், வெள்ளைக் கோட்டில் நின்றுகொண்டிருந்தது. பிறகுதான் தெரிந்தது, அது ஏற்கெனவே ஒரு தடவை பாதி வேகத்தில் ஓடி முடித்திருந்தது என்று. திரும்பி வந்ததும் அந்தப் பெண், "அப்பா, கால் சுடுது" என்றிருக்கிறாள். "புதுக் குழாய், முதல்ல கொஞ்சம் சுடும்" என்று லேப்டாப் சொல்லியிருக்கிறான். அவன் கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு எண் இடித்திருக்கிறது. இன்னொரு ஓட்டம் முழுசாகப் போனால்தான் தெரியும் என்று அவன் நினைத்திருக்கிறான்.

வேன் நிற்பதற்கு முன்பே அவள் குதித்து ஓடினாள். "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கத்தினாள். ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் கொடிக்காரன் அவளைப் பார்க்கவில்லை. கொடி இறங்கியது.

வண்டி பாய்ந்தது. ஒரு நொடி, அவள் ஐந்து நாள் உழைத்த சத்தம் எழும்பியது. நெஞ்சில் வந்து மோதும் ஆழமான சத்தம். கூட்டம் ஓவென்றது. கதவு திறக்க வேண்டிய இடத்தில் சத்தம் இரண்டாகப் பிரிந்து விரிய வேண்டும். விரியவில்லை. ஒரே தொண்டையில் கட்டிக்கொண்டு, கீச்சென்று உயர்ந்துகொண்டே போயிற்று. அங்கே நின்ற நூறு பேரில் அது தப்பான சத்தம் என்று அவளுக்கு மட்டும்தான் தெரிந்தது. கையை வீசிக்கொண்டு பாதைக்குள் ஓடினாள். கொடிக்காரன் அவளை இடுப்போடு சேர்த்துப் பிடித்துப் பின்னால் இழுத்தான். "சாகப் போறியாம்மா?"

தூரத்தில் வண்டியின் அடியிலிருந்து புகை கிளம்பியது. டயர் புகை என்று யாரோ விசில் அடித்தார்கள். புகை வெள்ளையாக இல்லை. கறுப்பாக இருந்தது.

வேன் அவள் பக்கத்தில் வந்து நின்றது. அவள் ஏறினாள். ஒன்றரை கிலோமீட்டர் நீளமான ஓடுபாதையில், எதிரே புகை உயர்ந்துகொண்டிருக்க, பள்ளி வேன் அறுபதில் போயிற்று. அவள் வேனின் தீயணைப்பு சிலிண்டரைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, முன்னால் சாய்ந்து உட்கார்ந்தாள், சாய்ந்தால் வேகம் கூடும் என்பதுபோல.

டாக்டர் மகளை வெளியே இழுத்துவிட்டிருந்தார். அவள் புல்லில் உட்கார்ந்திருந்தாள். இடது கால் கேன்வாஸ் ஷூவின் அடிப்பாகம் உருகி ஒட்டியிருந்தது. அவள் அழவில்லை, வாயை மூடி மூடித் திறந்தாள், சத்தம் வரவில்லை. பொறியம்மா வண்டியின் அடியில் சிலிண்டரைக் காலியாகும் வரை அடித்தாள். வெண்தூள் படிந்த பிறகும் இடது குழாய் உள்ளுக்குள் சிவந்துகொண்டிருந்தது. அவள் அடித்த வெல்டு ஒன்றுகூட விரியவில்லை. வலது குழாயைத் தொட்டுப் பார்த்தாள். வெறும் கையால் பிடிக்க முடிந்தது.

முதலாளியும் லேப்டாப்பும் மூச்சிரைக்க வந்தார்கள். பின்னால் பத்து இருபது பேர். முதலாளி ஒரு பார்வையில் எதையோ புரிந்துகொண்டார். கூட்டத்தைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார்.

"சைலன்சர் அனுப்பின கம்பெனிக்காரன் சரக்கு சரியில்ல டாக்டர். அவனை நான் சும்மா விட மாட்டேன்."

"இல்லீங்க" என்றாள் பொறியம்மா. "வலது குழாய்க்குள்ள ஒரு தக்கை இருக்கு. வெல்டு அடிக்கறதுக்காக நான் வச்சது. எடுக்கலை. மறந்துட்டேன்."

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். லேப்டாப் எதையோ சொல்ல வாயெடுத்து, தன் சுத்தமான கைகளைப் பார்த்து, சொல்லாமல் விட்டான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை. வாலை அவன் மாட்டினான் என்பது உண்மை. தக்கையை வைத்தவள் அவள்.

டாக்டர் மகளின் ஷூவைக் கழற்றாமல், அதைச் சுற்றித் துணியை மட்டும் வெட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலேயே, வழக்கமான அந்த மெல்லிய குரலில் கேட்டார்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

இன்றைக்குக் காலையில் என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் ஓடோடி வந்தவள் ஆகிவிடுவாள். காப்பாற்ற வந்தவள்கூட ஆகிவிடலாம். கணவர் வேன் பக்கத்தில் நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து சாயங்காலம் நாலு மணிக்கு."

வண்டியின் அடியில் உலோகம் ஆறி டிக், டிக் என்று சத்தம் போட்டது.

"நாலு மணிக்கு நான் வீட்ல இருந்தேன்" என்றார் டாக்டர். "இவகூட சீட்டு ஆடிட்டிருந்தேன்." அவ்வளவுதான் சொன்னார். கத்தியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

முதலாளி பக்கத்தில் வந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "திங்கக்கிழமை வர வேண்டாம்." கொஞ்சம் தயங்கி, "மறந்ததுக்கு இல்லம்மா. மறக்காதவன் எவன்? நேத்தே என்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்றார்.

"சொன்னா வேலை போயிடும்னு நெனச்சேன் முதலாளி."

"போயிருக்கும்" என்றார் அவர். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "ஆனா அதோட போயிருக்கும்."

ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்திருக்கிறோம் என்று ஓடுபாதைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். அது இன்னும் வந்து சேரவில்லை. பக்கத்தில் தயாராக நின்றது வேன்தான். டாக்டர் மகளைத் தூக்கிக்கொண்டு வந்து நீளச் சீட்டில் படுக்க வைத்தார். பொறியம்மா ஏறலாமா என்று தெரியாமல் படியில் நின்றாள்.

"ஏறுங்க" என்றார் டாக்டர். "காலைப் பிடிச்சுக்க ஆள் வேணும். தண்ணி ஊத்திட்டே இருக்கணும்."

அந்தக் காலைத் தன் மடியில் வாங்கிக்கொண்டாள். எவ்வளவு லேசாக இருந்தது! சீட்டுகளுக்கு அடியில் பிள்ளைகள் மறந்துவிட்டுப்போன தண்ணீர்ப் பாட்டில்கள் கிடந்தன. முயல் படம் போட்டது ஒன்று, மூடி உடைந்தது ஒன்று, யாரோ பேரைச் சுரண்டி எழுதியது ஒன்று. டாக்டர் அவற்றைப் பொறுக்கிப் பொறுக்கி நீட்டினார். அவள் ஒவ்வொன்றாகத் திறந்து, மெல்லிய தாரையாக, உருகிய ரப்பரைச் சுற்றிச் சிவந்திருந்த தோலின்மேல் ஊற்றினாள். இப்போது அந்தப் பெண் அழத் தொடங்கியிருந்தாள், சத்தமாக.

"அழும்மா, அழு" என்றார் டாக்டர். பிறகு பொறியம்மாவிடம், "நிறுத்தாதீங்க" என்றார்.

"நிறுத்த மாட்டேங்க."

வேன் பெரிய சாலையில் ஏறியது. அவள் நிமிர்ந்து கண்ணாடியில் கணவரைப் பார்த்தாள். அவர் சீட்டை விட்டு எழும்பி மிதித்துக்கொண்டிருந்தார். முள் அறுபதில் நின்றது. ஆஸ்பத்திரிக்கு இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர். கையில் இருந்த பாட்டிலில் பாதித் தண்ணீர்தான் மிச்சம். அவள் தாரையை இன்னும் கொஞ்சம் மெல்லிசாக்கினாள்.